தண்ணீரில் அணைந்து கொழுப்பில் எரியும் சாயங்கள்

வீட்டிலேயே இரவில் செய்யக்கூடிய ஒரு சோதனையிலிருந்து தொடங்குகிறேன். மூன்று கண்ணாடித் தம்ளர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் தேங்காய் எண்ணெய், ஒன்றில் தண்ணீர்போல் ஓடும் ஆல்கஹால் சானிடைசர். மூன்றிலும் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போட்டுக் கலக்கிவிட்டு, தூள் அடியில் படியும்வரை அசைக்காமல் விடுங்கள். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கக் கடைகளில் வைத்திருப்பார்களே, அந்த ஊதா டார்ச்சை ஒவ்வொரு தம்ளர் மேலும் அடித்துப் பாருங்கள். கண்ணுக்குள் மட்டும் நேராகப் படவிடாதீர்கள்.

தண்ணீர்த் தம்ளர் மங்கிக் கிடக்கும். எண்ணெய் பச்சை சாய்ந்த ஒளியோடு எரியும். சானிடைசர் பளீரென்று, மஞ்சள் கலந்த பச்சையாக எரியும். மூன்றிலும் மஞ்சள் ஒன்றுதான், டார்ச்சும் ஒன்றுதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற மூலக்கூறு எதற்குள் நிற்கிறது என்பது மட்டுமே மாறியிருக்கிறது. தண்ணீரில் அது கரைவதே அரிது. கரைந்த கொஞ்சமும் ஒளிர்வதில்லை. எண்ணெய்க்குள் போனால் ஒளிர்கிறது. ஆல்கஹாலுக்குள் போனாலும் ஒளிர்கிறது, ஆனால் நிறம் மாறுகிறது.

செல் சவ்வைப் படம்பிடிக்க உயிரியல் ஆய்வகங்களில் பயன்படும் ஒளிர்சாயங்கள் பலவும் இந்தக் குணத்தை நம்பித்தான் இயங்குகின்றன. தண்ணீரில் அணைந்திருக்கும், கொழுப்பில் எரியும். எந்த மாதிரிக் கொழுப்பு என்பதை நிறத்தால் சொல்லும். ஆய்வகத்தில் இவற்றை டை என்பார்கள், ப்ரோப் என்றும் சொல்வார்கள். இரண்டாவது பெயர்தான் எனக்குப் பிடித்தது. சுவருக்கு அடிக்கும் பெயின்ட் சுவரைப் பற்றி எதுவும் சொல்லாது. இந்தச் சாயமோ போன இடத்தின் சேதியோடு திரும்பும் ஒற்றன்.

5 நானோமீட்டர் கனமுள்ள தோல்

நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. எதை உள்ளே விடுவது, எதை வெளியே அனுப்புவது, பக்கத்துச் செல் அனுப்பிய செய்தியை ஏற்பதா வேண்டாமா என்பதெல்லாம் இந்த எல்லையில்தான் தீர்மானமாகிறது. அதன் கனம் ஏறக்குறைய 5 நானோமீட்டர். நாம் எழுதும் தாள் ஒன்றின் கனத்தை 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 20,000 சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்தக் கனம் வரும்.

சவ்வு பெரும்பாலும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, இரண்டு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வால்கள் எண்ணெய் ஜாதி; தண்ணீரை அண்டாது. இப்படிப்பட்ட மூலக்கூறுகளைத் தண்ணீரில் விட்டால், யாரும் அடுக்கிவைக்காமலேயே வால்களை உள்ளே மறைத்துக்கொண்டு, தலைகளை இருபுறமும் வெளியே காட்டியபடி இரட்டை வரிசையாக நின்றுவிடும். 1925-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் இதைக் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீர்ப் பரப்பின்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பினார்கள். அந்தச் செல்களின் மொத்தப் பரப்பைப்போல் இரண்டு மடங்கு வந்தது. அப்படியென்றால் சவ்வில் இரண்டு அடுக்கு இருக்க வேண்டும். பின்னாளில்தான் தெரிந்தது, அவர்கள் கொழுப்பை முழுதாகப் பிரித்தெடுக்கவும் இல்லை, செல்லின் பரப்பைச் சரியாக அளக்கவும் இல்லை என்று. இரண்டு குறையும் ஒன்றையொன்று ஈடுகட்டியதால் சரியான விடை கிடைத்திருந்தது.

இன்னொன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். சவ்வு ஒரு திரவம். அதிலுள்ள கொழுப்பு மூலக்கூறுகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. பக்கவாட்டில் ஓயாமல் நகர்ந்தபடி இருக்கின்றன. ஒரு பாக்டீரியாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச்சேர ஒரு கொழுப்பு மூலக்கூறுக்குச் சுமார் ஒரு நொடி போதும்.

இவ்வளவு மெல்லியதை எப்படிப் பார்ப்பது? சாதாரண நுண்ணோக்கியில் இரண்டு தடைகள். சவ்வுக்கு நிறமில்லை, ஒளி அதனூடே அப்படியே போய்விடும். அடுத்தது, ஒளியின் அலைநீளமே 400 முதல் 700 நானோமீட்டர். சுமார் 200 நானோமீட்டருக்குக் குறைவான இடைவெளியில் இருக்கும் இரண்டு பொருள்களை ஒளி நுண்ணோக்கியால் பிரித்துக் காட்ட முடியாது என்ற வரம்பை 1873-ல் எர்ன்ஸ்ட் அபே வகுத்துவிட்டார். நம் சவ்வு அந்த வரம்பில் நாற்பதில் ஒரு பங்கு.

ஆனால் ஒரு பொருள் ‘தெரிவது’ வேறு, அதன் அளவு ‘தெரிவது’ வேறு. நல்ல இருட்டில் தெருக்கோடியில் ஊதுபத்தி எரிந்தால் அதன் நுனி ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரிகிறது. நுனி எவ்வளவு பெரியது என்று அங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பகலில் அதுவும் முடியாது. சவ்வை மட்டும் எரியவைத்து மற்ற எல்லாவற்றையும் இருட்டாக்கிவிட்டால், அது மெல்லிய கோடாகத் தெரியும். அந்தக் கோடு படத்தில் 200, 250 நானோமீட்டர் பருமனாகத்தான் இருக்கும். முதன்முதலில் படம் எடுப்பவர்கள் அந்தக் கோட்டின் பருமனை அளந்து ‘சவ்வின் கனம்’ என்று எழுதிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அது நுண்ணோக்கியின் வரம்பு, சவ்வின் அளவு அல்ல.

வாங்கும் நிறம் ஒன்று, தரும் நிறம் வேறு

மற்ற எல்லாவற்றையும் இருட்டாக்குவது எப்படி? இதற்கு ஒளிர்தல் என்ற நிகழ்வு கைகொடுக்கிறது. ஆங்கிலத்திலிருந்து வந்த ஃப்ளோரசன்ஸ் என்ற சொல்லும் தமிழில் பழகிவிட்டது. அந்தச் சொல்லை 1852-ல் உருவாக்கியவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். ஊதா ஒளி பட்டால் ஒளிரும் ஃப்ளோர்ஸ்பார் என்ற கனிமத்தின் பெயரிலிருந்து எடுத்தார். மலேரியா மருந்தான குயினைன் கரைந்த நீரில், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி விழுந்து நீல ஒளியாக வெளிவருவதை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். இன்று கடையில் வாங்கும் டானிக் வாட்டரிலும் குயினைன்தான். மேலே சொன்ன டார்ச்சை அதன்மேல் அடித்தால் நீலமாக எரியும்.

நடப்பது இது. ஒளியை விழுங்கும் மூலக்கூறின் எலக்ட்ரான் ஒன்று மேல்நிலைக்கு ஏறுகிறது. அங்கே அது தங்குவது சில நானோநொடிகள்தான். அதற்குள் கொஞ்சம் ஆற்றலைச் சுற்றுப்புறத்துக்கு வெப்பமாகக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஒளியாக வீசிக் கீழே இறங்குகிறது. கொஞ்சம் ஆற்றல் குறைந்துவிட்டதால், வெளிவரும் ஒளியின் அலைநீளம் உள்ளே போனதைவிட நீளம். நீலத்தை விழுங்கினால் பச்சையைத் தரும், பச்சையை விழுங்கினால் ஆரஞ்சைத் தரும். ஆகவே நீல ஒளியைச் செல்லின்மேல் பாய்ச்சிவிட்டு, கேமராவுக்கு முன்னால் நீலத்தை முழுக்கத் தடுத்துப் பச்சையை மட்டும் விடும் ஒரு வடிகட்டியை வைத்தால் போதும். சாயம் இல்லாத இடமெல்லாம் கறுப்பு. ஊதுபத்திக்குத் தேவையான இருட்டு கிடைத்துவிட்டது.

மேல்நிலையில் கழியும் அந்தச் சில நானோநொடிகளை மறந்துவிடாதீர்கள். ஒற்றன் ஊரைப் பார்ப்பது அந்த நேரத்தில்தான்.

தலையும் வாலும் வைத்த சாயம்

ஒளிரும் மூலக்கூறு ஒன்றை எடுத்துச் செல்லில் ஊற்றினால் அது சவ்வுக்குத்தான் போகும் என்று யார் சொன்னது? வேதியியலாளர்கள் இதற்குச் சவ்வின் உத்தியையே எடுத்துக்கொண்டார்கள். சாயத்துக்கும் ஒரு தலையும் வாலும் வைத்தார்கள். எண்ணெய் வால், கொழுப்பு அடுக்குக்குள் போய்ச் செருகிக்கொள்ளும். தலையில் ஒரு மின்னூட்டம் வைத்தால், அது தண்ணீர்ப் பக்கமாகவே நின்றுவிடும். சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. வால் மட்டும் இருந்து தலை இல்லாவிட்டால், சாயம் சவ்வை ஊடுருவிப் போய்ச் செல்லுக்குள் இருக்கும் கொழுப்புத் துளிகளில் குடியேறிவிடும்.

இதற்கு நல்ல உதாரணம் டை-ஐ (DiI) என்ற ஆரஞ்சுச் சாயம். அதன் இரண்டு வால்களும் 18 கார்பன் நீளம், சவ்வில் இருக்கும் கொழுப்பு வால்களின் நீளமேதான். தலைப்பகுதியில் நேர்மின்னூட்டம். 549 நானோமீட்டரில் ஒளியை வாங்கி 565-ல் தருகிறது. ஒருமுறை சவ்வில் செருகிக்கொண்டால் எளிதில் வெளியே வராது. ஆனால் சவ்வு திரவம் என்றேனே, அதனால் பக்கவாட்டில் பரவிக்கொண்டே போகும். நரம்பியலாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். நரம்புச் செல்லின் ஒரு மூலையில் டை-ஐ படிகம் ஒன்றை வைத்துவிட்டுக் காத்திருந்தால், சாயம் அந்தச் செல்லின் கிளை, கிளைக்குள் கிளை என்று ஊர்ந்துபோய், பின்னிப்பிணைந்த கூட்டத்துக்குள்ளிருந்து அந்த ஒரு செல்லின் முழு உருவத்தையும் வரைந்து காட்டும். பக்கத்துச் செல்லின் சவ்வு தனி என்பதால் அங்கே தாவுவதில்லை.

இனி, தண்ணீரில் ஏன் அணைகிறது என்ற கேள்வி. காரணம் ஒன்றல்ல. சில சாயங்களில் மூலக்கூறின் பாகங்கள் ஒன்றையொன்று சுற்றித் திரும்பக்கூடியவை. தண்ணீரில் அவை தாராளமாகத் திரும்பும். வாங்கிய ஆற்றல் அந்த ஆட்டத்திலேயே வெப்பமாகத் தீர்ந்துவிடும். சவ்வுக்குள் போனால் திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டதுபோல் நாலாபுறமும் நெருக்கம். ஆட இடமில்லாததால் ஆற்றல் ஒளியாக வெளியேறுகிறது. எண்ணெய்ச் சாயங்கள் சிலவோ தண்ணீரில் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு அணைந்துவிடும், சவ்வில் பிரிந்து நின்று எரியும். எப்படியானாலும் ஆய்வாளருக்கு லாபம் ஒன்றே: சுற்றியிருக்கும் கரைசலில் மிஞ்சிய சாயம் படத்தைக் கெடுப்பதில்லை.

எஃப்எம் 1-43: பூசுவதிலிருந்து கேட்பதற்கு

சவ்வுச் சாயங்களில் ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் நான் எஃப்எம் 1-43-ஐத்தான் சொல்வேன். அதைச் செய்த வேதியியலாளர் ஃபெய் மாவோவின் முதலெழுத்துகள் அந்தப் பெயரில் இருக்கின்றன. வால் குட்டை, தலையில் இரண்டு நேர்மின்னூட்டம். வால் குட்டை என்பதால் சவ்வில் ஒட்டும், கழுவினால் போய்விடும். இரட்டை மின்னூட்டம் என்பதால் சவ்வை ஒருபோதும் தாண்டாது. தண்ணீரில் அநேகமாக இருட்டு.

நரம்பு முனையில் சிறு சிறு பைகள் உண்டு. செய்தி வரும்போது அவை வெளிச்சவ்வோடு சேர்ந்து, தம்முள் இருக்கும் வேதிப்பொருளைக் கொட்டிவிடுகின்றன. கொட்டிய பிறகு அந்தப் பைகள் என்ன ஆகின்றன? மீண்டும் உள்ளே இழுக்கப்பட்டு நிரப்பப்படுகின்றனவா? உயிரோடு இருக்கும் நரம்பில் இதைப் பார்ப்பது எப்படி?

1992-ல் வில்லியம் பெட்ஸும் கை பெவிக்கும் தவளையின் தசை நரம்பில் இதைச் செய்தார்கள். எஃப்எம் 1-43 கலந்த திரவத்தில் நரம்பை வைத்து மின்தூண்டல் கொடுத்தார்கள். பைகள் வெளிச்சவ்வோடு கலந்து, திரும்ப உள்ளே சுருங்கும்போது, சவ்வில் ஒட்டியிருந்த சாயத்தையும் உள்ளே கொண்டுபோயின. பிறகு வெளியே நன்றாகக் கழுவினார்கள். வெளிச்சவ்வில் ஒட்டியிருந்த சாயம் போய்விட்டது. உள்ளே மாட்டிய சாயம் போக வழியில்லாமல் புள்ளி புள்ளியாக எரிந்தது. மறுபடி தூண்டியபோது பைகள் வெளியே திறந்து, சாயம் தண்ணீருக்குத் தப்பி, புள்ளிகள் மங்கின. பைகள் சுழற்சியில் பயன்படுகின்றன என்பது கண்ணெதிரே நடந்தது.

இந்தச் சோதனையின் அழகு எனக்கு இன்றுவரை குறையவில்லை. ஒட்டும் அளவுக்கு எண்ணெய், கழுவினால் போகும் அளவுக்குக் குட்டை வால், தாண்டாத அளவுக்கு மின்னூட்டம். இந்த மூன்றில் ஒன்று பிசகியிருந்தாலும் விடை கிடைத்திருக்காது. சாயத்தின் வடிவமே இங்கே கேள்வியின் வடிவம்.

மார்கழியில் உறையும் எண்ணெய்

சவ்வு எங்கே இருக்கிறது என்பதோடு நில்லாமல், எப்படி இருக்கிறது என்று கேட்டால்? மார்கழி மாதத்துக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து வெள்ளையாகிவிடும், நல்லெண்ணெய் உறையாது. தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, அதன் வால்கள் நேரானவை, விறகுக் கட்டுபோல் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். நல்லெண்ணெயின் வால்களில் வளைவு இருப்பதால் அப்படி அடுக்கிக்கொள்ள முடியாது. சவ்விலும் இதே கதைதான். நேர் வால் கொண்ட ஒருவகைப் பாஸ்போலிப்பிட் 41 டிகிரி செல்சியஸ் வரை இறுகியே கிடக்கும். வளைந்த வால் கொண்ட இன்னொன்று உறைநிலைக்குக் கீழே 10 டிகிரியிலும் இளகியிருக்கும். செல் இந்த இரண்டையும் கொலஸ்ட்ராலையும் கலந்து, இறுக்கத்தை வேண்டியபடி வைத்துக்கொள்கிறது.

இந்த இறுக்கத்தை நிறமாக மாற்றிக் காட்டும் சாயம் லாரடன். அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கிரெகோரியோ வெபரின் கைவண்ணத்தில் வந்த குடும்பம் இது. முதலில் 1979-ல் ப்ரோடன், அதற்கு நீண்ட வால் வைத்ததுதான் லாரடன். அந்த வால் லாரிக் அமிலத்தினுடையது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம்தான் என்பது நம் சமையலறைக்கு அது எவ்வளவு பக்கம் என்று காட்டுகிறது.

லாரடன் ஒளியை விழுங்கியதும் அதன் ஒரு பக்கம் கூடுதல் நேர்மின், மறுபக்கம் கூடுதல் எதிர்மின் என்று ஆகிவிடும். பக்கத்தில் தண்ணீர் மூலக்கூறுகள் இருந்தால் அவை அதற்கேற்பத் திரும்பி நிற்கும். திரும்புவதற்கான ஆற்றல் சாயத்திடமிருந்து போகிறது. ஆகவே ஆற்றல் குறைந்த, அலைநீளம் கூடிய ஒளியாக, 490 நானோமீட்டரை ஒட்டிப் பச்சை சாய்ந்து வெளிவரும். சவ்வு இறுகியிருந்தால் வால்களுக்கு இடையே தண்ணீர் நுழைய முடியாது. ஒளி 440 நானோமீட்டரை ஒட்டி நீலமாகவே வரும். மஞ்சளும் எண்ணெயில் ஒரு நிறம், சானிடைசரில் ஒரு நிறம் என்று காட்டியதற்குக் காரணம் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

ஆய்வாளர் நீலத்தின் அளவையும் பச்சையின் அளவையும் தனித்தனியே படம் எடுத்து, நீலத்திலிருந்து பச்சையைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கிறார். வருவது −1-க்கும் +1-க்கும் நடுவே ஓர் எண். கூடினால் இறுக்கம், குறைந்தால் இளக்கம். இந்த வகுத்தலை அலட்சியமாகக் கடந்துவிடாதீர்கள். வெறும் பிரகாசத்தை மட்டும் பார்த்தால், ஓரிடம் பளிச்சென்று தெரிவதற்குச் சவ்வின் இயல்பு காரணமா, அங்கே சாயம் கொஞ்சம் அதிகம் போய்விட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு நிறத்தின் விகிதத்தை எடுத்தால் சாயத்தின் அளவு கணக்கிலிருந்தே கழன்றுபோகிறது.

லாரடனுக்கு ஒரு குறை: தலையில் மின்னூட்டம் இல்லை. அதனால் செல்லுக்குள் இருக்கும் எல்லாச் சவ்வுகளுக்கும் போய்விடும். வெளிச்சவ்வின் வெளியடுக்கை மட்டும் கேட்க வேண்டுமென்றால் வேறு சாயம் வேண்டும். பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஆண்ட்ரே கிளிம்சென்கோவின் குழு 2010-ல் நைல் ரெட் என்ற சாயத்துக்கு மின்னூட்டமுள்ள ஒரு நங்கூரம் மாட்டி, என்ஆர்12எஸ் என்று ஒன்றைச் செய்தது. அது வெளியடுக்கிலேயே நிற்கும்.

சவ்வின் இழுவிசையைச் சொல்லும் சாயமும் வந்துவிட்டது. இறாலையும் சிங்கி இறாலையும் சட்டியில் போட்டதும் சிவக்கிறதே, அதற்குக் காரணம் அஸ்டாஸாந்தின் என்ற நிறமி. உயிரோடு இருக்கும் சிங்கி இறாலில் ஒரு புரதம் அதைத் தட்டையாக்கி இறுக்கிப் பிடித்திருப்பதால் கருநீலமாகத் தெரிகிறது. வெந்ததும் பிடி விட்டுச் சிவக்கிறது. ஜெனீவாவில் ஸ்டெஃபான் மாட்டீல் குழுவினர் இதிலிருந்து யோசனை பெற்று, நடுவில் முறுக்கிக்கொள்ளும் ஃப்ளிப்பர் என்ற சாயங்களை உருவாக்கினார்கள். சவ்வின் நெருக்கம் அந்த முறுக்கைத் தட்டையாக்கும்போது, எலக்ட்ரான் மேல்நிலையில் தங்கும் நேரம் நீள்கிறது. 2018-ல் இந்த நேரத்தை அளந்தே செல் சவ்வின் இழுவிசை மாறுவதைக் காட்டினார்கள். நானோநொடிக் கணக்கில் நிறுத்துக்கடிகாரம் வைத்துச் சவ்வின் விறைப்பை அளப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

கொழுப்புக்குள் புகாத ஒற்றர்கள்

எல்லாச் சாயமும் கொழுப்புக்குள் புக வேண்டுமென்பதில்லை. சவ்வில் இருக்கும் குறிப்பிட்ட ஒன்றைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தில் ஒளிரும் மூலக்கூறை ஒட்டியும் அனுப்பலாம். அனெக்சின் 5 அப்படிப்பட்டது. பாஸ்படைடில்செரின் என்ற கொழுப்பை ஆரோக்கியமான செல் சவ்வின் உள்ளடுக்கிலேயே வைத்திருக்கும். செல் சாக முடிவெடுத்ததும் அது வெளியடுக்குக்கு வந்து, என்னைத் தின்றுவிடு என்று விழுங்கு செல்களுக்குச் சொல்லும். கால்சியம் இருந்தால் அனெக்சின் அதைப் பிடித்துக்கொள்ளும். எந்தச் செல் சாவை நோக்கிப் போகிறது என்பது இப்படித்தான் தெரியவருகிறது.

சவ்வு திரவம் என்பதற்கான மிகப் பெயர்பெற்ற சாட்சியும் இந்த வழியில் வந்ததுதான். 1970-ல் ஃப்ரையும் எடிடினும் ஒரு எலிச் செல்லையும் ஒரு மனிதச் செல்லையும் ஒன்றாக இணைத்து, எலிப் புரதங்களுக்குப் பச்சை, மனிதப் புரதங்களுக்குச் சிவப்பு என்று ஒளிரும் ஆன்டிபாடிகளால் (குறிப்பிட்ட ஒன்றை மட்டும் தேடிப் பிடிக்கும் புரதங்களால்) அடையாளமிட்டார்கள். முதலில் பாதி பச்சை, பாதி சிவப்பு. 37 டிகிரியில் 40 நிமிடம் வைத்தபின் இரண்டும் செல் முழுக்கக் கலந்துவிட்டன. குளிரில் வைத்தால் கலக்கவில்லை. சவ்வை நீர்மப் பரப்பாகப் பார்க்கும் சிங்கர்–நிக்கல்சன் மாதிரி 1972-ல் வந்தது.

ஒற்றன் தவறும் இடங்கள்

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் நான் இரண்டு வாரம் இழந்த கதை இது. செல்களை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் இருந்தபடியே நிலைப்படுத்தி, உள்ளே ஒரு புரதத்துக்கு ஆன்டிபாடி போகட்டும் என்று டிடர்ஜென்ட் விட்டு, பிறகு டை-ஐ போட்டேன். படத்தில் கோடே இல்லை. கிழிந்த துணிபோல் ஆங்காங்கே திட்டுகள். சாயம் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கி மறுபடி செய்தேன். அதே திட்டுகள். ஃபார்மலின் பிடித்துவைப்பது பெரும்பாலும் புரதங்களைத்தான், கொழுப்பை அல்ல. பாத்திரத்திலிருந்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் அதே டிடர்ஜென்ட், நான் பார்க்க வந்த சவ்வையே கரைத்து எடுத்துவிட்டிருந்தது. ஃபார்மலின் கொழுப்பைப் பிடிக்காது என்பதற்கு இன்னொரு முகமும் உண்டு: நிலைப்படுத்திய மூளைத் திசுவிலும் டை-ஐ மெல்ல மெல்ல ஊர்ந்துகொண்டே போகும். இறந்தவர்களின் மூளையில் நரம்புப் பாதைகளைத் தேடுவதற்கு அதுவே வழியானது.

உயிருள்ள செல்லில் பெரிய எதிரி நேரம். செல் தன் சவ்வைத் துண்டு துண்டாக உள்ளே இழுத்துக்கொண்டும் திருப்பி அனுப்பிக்கொண்டும் இருக்கிறது. மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல் தன் முழு வெளிப்பரப்புக்குச் சமமான சவ்வை ஏறக்குறைய அரை மணி நேரத்தில் உள்ளே இழுத்துவிடும். ஆகவே சாயம் போட்ட உடனே தெரியும் கோடு வெளிச்சவ்வு. இருபது நிமிடம் கழித்து உள்ளே தெரியும் புள்ளிகள் சாயத்தின் கோளாறு அல்ல. சவ்வோடு சேர்ந்து உள்ளே பயணம் போன சாயம். வெளிச்சவ்வு மட்டும் வேண்டுமென்றால் பனிக்கட்டிக் குளிரில் வைத்து, சீக்கிரம் படம் எடுத்துவிட வேண்டும். செல் வளர்க்கும் ஊடகத்தில் சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்) இருந்தால் அதிலுள்ள ஆல்புமின் என்ற புரதம் எண்ணெய்ச் சாயத்தைத் தானே விழுங்கிக்கொள்ளும். அதைக் கழுவிவிட்டுச் சாயம் போடுங்கள்.

ஒளியும் சும்மா இருப்பதில்லை. நெடுநேரம் பாய்ச்சினால் சாயம் வெளுத்துப்போகும். அதைவிட மோசம், ஒளி வாங்கிய சாயம் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனைத் தூண்டிவிட, அது வளைந்த வால் கொழுப்புகளைத் தாக்கிச் சவ்வின் தன்மையையே மாற்றிவிடும். செயற்கைச் சவ்வுக் குமிழ்களில், படம் எடுக்கப் பாய்ச்சிய ஒளியே புதுத் திட்டுகளை உண்டாக்கியது பதிவாகியிருக்கிறது. பார்க்கப் போனவன் பார்க்கும் பொருளை மாற்றிவிட்டான். அதனால்தான் சாயம் லிட்டருக்குச் சில மைக்ரோமோல் அளவோடும், ஒளி எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவோடும் வைக்கச் சொல்கிறார்கள். நீல, ஊதா ஒளியில் செல்லே தன் சொந்தப் பொருள்களால் மங்கலாக ஒளிரும் என்பதால், சாயம் போடாத செல்லையும் அதே அமைப்பில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விட்டவர்கள் எல்லோரும் ஒருநாள் திரும்பி வந்து எடுக்கிறார்கள்.

கொலஸ்ட்ராலைக் காட்டும் ஃபிலிப்பின் என்ற சாயம் கொலஸ்ட்ராலோடு ஒட்டிக்கொண்டு சவ்வைக் குலைக்கவும் செய்யும். லாரடன் சொல்வதும் தண்ணீர் எவ்வளவு அருகில் என்பதைத்தான். இறுக்கம் என்பது அதிலிருந்து நாம் எடுக்கும் முடிவு. ஒரு ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னொரு ஒற்றனை விட்டுச் சரிபார்க்கும் பழைய அரச வழக்கம் இங்கே அப்படியே பொருந்தும். இரண்டு வெவ்வேறு வேதியியல் கொண்ட சாயங்கள் ஒரே பதிலைச் சொன்னால் நம்பலாம்.

200 நானோமீட்டருக்குக் கீழே

சவ்வில் கொலஸ்ட்ராலும் நேர் வால் கொழுப்பும் கூடிய சிறு தீவுகள் மிதக்கின்றன என்ற கருத்தை 1997-ல் கை சைமன்ஸும் எலினா இக்கோனனும் முன்வைத்தார்கள். இன்றுவரை விவாதம் ஓயவில்லை. காரணம் எளிது. அந்தத் தீவுகள் இருந்தால் அபேயின் வரம்பைவிட மிகச் சிறியவையாக, கணத்தில் தோன்றி மறைபவையாக இருக்க வேண்டும். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் நாம் பார்ப்பது தீவையும் கடலையும் கலந்த சராசரியை.

அந்த வரம்பை உடைத்ததற்காக ஸ்டெஃபான் ஹெல், எரிக் பெட்சிக், வில்லியம் மோர்னர் மூவரும் 2014-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் அந்த முறைகள் சாயத்திடம் நிறைய உழைப்பு கேட்பவை. கடுமையான ஒளியில் சவ்வுச் சாயம் சீக்கிரம் வெளுத்துவிடும். இதற்கு அழகான ஒரு விடையை 2006-ல் அலெக்ஸி ஷரோனவும் ராபின் ஹோக்ஸ்ட்ராஸரும் நைல் ரெட்டை வைத்துக் காட்டினார்கள். சாயத்தை மிகக் குறைவாகக் கரைசலில் விட்டார்கள். தண்ணீரில் அது இருட்டு. ஒரு மூலக்கூறு வந்து கொழுப்புக் குமிழின் சவ்வில் ஒட்டியதும் பளிச்சென்று மின்னும்; பிறகு வெளுத்துவிடும் அல்லது விலகிவிடும். மின்னும் ஒற்றை மூலக்கூறின் நடுப்புள்ளியை வெகு துல்லியமாகக் குறித்துக்கொள்ளலாம், தூரத்து ஊதுபத்தி எங்கே என்று சொல்வதுபோல. பிறகு அடுத்த மின்னல், அடுத்த புள்ளி. ஆயிரக்கணக்கில் சேர்த்தால், வரம்பைவிடப் பல மடங்கு நுணுக்கமான படம் கிடைக்கிறது. வெளுத்துப்போன சாயத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, கழுவிவிடவும் வேண்டியதில்லை. முதல் தம்ளரில் பார்த்த அந்த மங்கலோடு கரைசலில் காத்திருக்கும் மூலக்கூறுகள்தான் அடுத்தடுத்த புள்ளிகள்.